முகவரியின் தலையை யார் வெட்டுவது?

வாழி! விசைப்பலகை வேந்தே, வாழி! மூக்கின் நுனிவரை வழுக்கி வந்துவிட்ட கண்ணாடியைத் தள்ளிவிடக்கூட ஒரு விரலைப் பணியிலிருந்து விடுவிக்காத வீரனே, எழுதிய புரோகிராம் முதல் தடவையே ஓடிவிட்டால் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கும் மதிநுட்பனே, வாழி! அதே உணவுமேசையின் மறுகரையில், முடியை உச்சியில் கொண்டையிட்டுப் பென்சிலைச் செருகி வீற்றிருக்கும் சர்வர் காக்கும் தலைவியே, உன்னைக் கேளாமல் ஒரு கோப்பும் அசையாத பெருநிலத்தின் ஆட்சியாளே, நீயும் வாழி! நீங்கள் இருவரும் கணவன் மனைவி என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று முற்பகல் முழுவதும் அது உங்களுக்கே மறந்து போயிருந்தது.

மின்சாரமே, கம்பிவழி நடந்து களைப்பறியாத அன்னையே, இந்தக் கதை முடியும்வரை எங்கும் போய்விடாதே.

போருக்குக் காரணம், தலைவனின் அக்கா. பூனை நகமும் நாய்ப்பல்லும் பட்டுப் புகழ்த்தழும்பேறிய கரத்தினர், வளர்ப்புப் பிராணிகளின் வைத்தியர், ஊசி என்றதும் மேசைக்கடியில் புகும் கொழுத்த நாய்களைக் காலைப் பிடித்து வெளியே இழுக்கும் ஆற்றலர். அப்பேர்ப்பட்டவரை வென்றது ஒரு தொலைபேசி. இடக்கையில் முயல், வலக்கையில் ஊசி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன் என்று நின்றபடியே, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம்?" என்ற கேள்விக்கு ஓயாமல் பதில் சொல்லிச் சொல்லி, சூடான மதியச் சாப்பாடு என்ற ஒன்று உலகில் உண்டு என்பதையே அவர் மறந்திருந்தார். ஆகவே முரசு அறையாத குறையாக ஓர் ஆணை பிறப்பித்தார்.

"இன்னைக்கு மதியத்துலேர்ந்து போனை எடுக்க மாட்டேன், வெப் பக்கத்துலயே நேரம் வாங்கிக்குங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா தம்பி. அது மட்டும் திறக்கலைன்னா பழையபடி போன்தான், ஆறிப்போன சாப்பாடுதான். பாத்துக்கோ."

பார்த்துக்கொள்ளத்தான் இருவரும் அமர்ந்தார்கள். அக்காவின் இணையப் பக்கத்தை ஏந்தி நிற்கும் சர்வர், தலைவியின் வளர்ப்பு. அதுவரை நாய்க்குட்டிப் படங்களையும் மருத்துவமனை திறக்கும் வேளையையும் காட்டுவதன்றி வேறொன்றும் அறியாத அப்பாவிக் காவலன். நேரம் ஒதுக்கும் புரோகிராமோ தலைவன் தன் கையால் எழுதியது. அந்தக் காவலனை இந்தப் புரோகிராமுடன் இணைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வருகிறவர் "நேரம்/புதியது" என்ற முகவரியைச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வருவார். "நேரம்" என்ற தலையைக் கண்டதும் காவலன் அவரைப் புரோகிராமிடம் அனுப்புவான். "புதியது" என்ற உடலைக் கண்டு புரோகிராம் புது முன்பதிவைத் திறக்கும்.

இங்கேதான் வந்தது வினை. வாசலிலேயே பார்த்தாகிவிட்ட தலையை உள்ளே அனுப்பும்போது வெட்டிவிட வேண்டுமா, வேண்டாமா? காவலன் வெட்டாமல் அனுப்பினான். வெட்டப்பட்டு வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்த புரோகிராம், இந்தத் தலையை நான் கண்டதே இல்லை என்று கைவிரித்தது. நானூற்று நான்கு என்னும் நாமம் பூண்டு, அப்படி ஒரு பக்கம் இல்லை என்று அறிவிக்கும் வெண்திரை இருவர் முன்னும் எழுந்தது.

தலைவன் நாற்காலி கிறீச்சிட எழுந்து முழங்கினான்.

"வாசல்ல நிக்கிறவன் வெட்டி அனுப்பணும். உலகம் பூரா அப்படித்தான். ஒரு வரி மாத்து, முடிஞ்சுது!"

பென்சிலை உருவி, கொண்டை சரிவதையும் பொருட்படுத்தாது தலைவி மறுமுழக்கம் செய்தாள்.

"வந்ததை வந்தபடி உள்ள அனுப்புறதுதான் என் சர்வரோட மரியாதை. நான் கைவைக்க மாட்டேன். உங்க புரோகிராம்ல ஒரு வரி மாத்துங்க!"

ஆகா, அந்த ஒரு வரி! இரண்டு யானைகள் ஒரு குடத்துத் தண்ணீருக்கு மோதியதுபோல, அந்த ஒற்றை வரியைத் தங்கள் பக்கம் எழுத மறுத்து அவ்விருவரும் மோதிய மோதலை எந்த நாவால் உரைப்பேன்! அவன் தட்டிய தட்டில் விசைகள் அலறின. அவள் விட்ட பெருமூச்சில் மேசைமேல் கிடந்த பில்கள் பறந்தன. "என் மெஷின்ல ஓடுது" என்னும் பிரம்மாஸ்திரத்தை அவன் ஏவ, "அப்ப உங்க மெஷினையே தூக்கிட்டுப் போய் அண்ணிகிட்ட குடுங்க" என்னும் எதிரம்பால் அவள் அதை நடுவானில் முறித்தாள்.

அந்நேரம், நாய்கள் குரைக்கும் பின்னணியோடு அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது.

"இன்னும் வெள்ளையாத்தான் வருது. சரி விடுங்க, நான் போனையே எடுத்துக்கிறேன்."

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பார்கள். இந்த "சரி விடுங்க" இருவர் நெஞ்சையும் ஒருசேர அறுத்தது. பாவம் அக்கா என்று அவன் நினைத்தான். பாவம் அண்ணி என்று அவள் நினைத்தாள். விட்டுக்கொடுத்துவிடலாம், ஆனால் விட்டுக்கொடுத்தது தெரியக் கூடாது என்று இருவருமே முடிவு செய்தார்கள். முகத்தில் முறைப்பு மாறாமல், முழங்கையால் திரையை மறைத்து, அவன் முகவரியைத் தலையோடு ஏற்கும்படி புரோகிராமை மாற்றினான். அவளோ, சன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்ப்பவள்போல, தலையை வெட்டி அனுப்பும்படி சர்வரை மாற்றினாள். இருவர் விரலும் ஒரே கணத்தில் விசையில் இறங்கின.

விளைவு யாது? காவலன் தலையை வெட்டிவிட்டான். புரோகிராம் தலை எங்கே என்று கேட்டது. மீண்டும் அதே வெண்திரை.

நல்லவேளை, வாயைத் திறந்து சொல்லவில்லை, நம் பக்கம் தப்பே இல்லை என்று தனித்தனியே மகிழ்ந்து, இருவரும் சத்தமில்லாமல் பழையபடியே மாற்றி வைத்தார்கள். அவள் கை வேகமானது, முதலில் முடித்தாள். அவன் முடிக்கும்வரையிலான அந்தச் சிறு இடைவெளியில், தலையோடு அனுப்பும் காவலனும் தலையோடு ஏற்கும் புரோகிராமும் கைகோத்து நிற்க, பக்கம் பளிச்சென்று திறந்தே கிடந்தது. இவர்கள் இருவரும்தான் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் வேவு பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பிறகு அவனும் முடித்தான், கதவு மூடிக்கொண்டது.

போன் அலறியது. அக்கா!

"டேய், நடுவுல ஒரு தடவை திறந்துச்சுடா! பேரை அடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு. என்ன பண்ணீங்க?"

"நான் எதையும் தொடலையே!" என்று வீரர் இருவரும் ஒரே குரலில் பிரகடனம் செய்தார்கள். செய்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது. அவள் உதட்டைக் கடித்தாள்.

"நீ மாத்தினியா?"

"நீங்களும் மாத்தினீங்களா?"

அடக்கிப் பார்த்தும் முடியாமல் தலைவி வெடித்துச் சிரித்தாள். தலைவனுக்குச் சிரிப்போடு வெட்கமும் வந்தது. போர் ஓய்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இப்போது விட்டுக்கொடுப்பதில் யார் பெரியவர் என்ற புதுப்போர் மூண்டது. "நானே மாத்துறேன்" என்று அவன் பாய, "ஐயோ வேணாம், நானே" என்று அவள் தடுக்க, ஒரு வரியை எழுத மறுத்த அதே கைகள் அந்த ஒரு வரிக்காக இப்போது தள்ளுமுள்ளு செய்தன. போனிலிருந்து அக்காவின் கட்டளை பிறந்தது.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க! ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, இன்னொருத்தர் மாத்துங்க."

"யாரு கையைக் கட்டணும் அண்ணி?"

"இதுல என்னம்மா கேள்வி? அவன்தான்."

பிறந்ததிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டியறியாத தலைவன் கையைக் கட்டிக்கொண்டான். வந்ததை வந்தபடி அனுப்புவேன் என்று சூளுரைத்த தலைவி, தன் சர்வரின் மரியாதையைத் தன் கையாலேயே ஒரு வரியில் திருத்தினாள். அப்படி அவள் திருத்தியதைப் பார்க்க அவனுக்கு அவள்மேல் அளவுகடந்த அன்பு பொங்கியது. கை கட்டியிருந்ததால் அதைக் காட்ட வழியில்லாமல் தவித்தான்.

அப்போது, விசையொலி விண்ணெட்ட, காவலன் தலைகொய்து கடமையாற்ற, புரோகிராம் உடலை அணைத்து வரவேற்க, வெண்திரை கிழிந்து நீலநிறப் பெருங்கதவம் அகலத் திறக்க, எங்கோ ஒரு வீட்டிலிருந்து தும்மல் நில்லாத ஆமை ஒன்றுக்கு முதல் நேரம் பதிவாக, இணைபிரியா இணைப்பின் வெற்றியை வாழ்த்தி அக்கா உரைக்கப்போகும் பேருரைக்காக இருவரும் போனருகே மூச்சடக்கிக் காத்திருந்தனர்.

அக்கா சாப்பிடப் போய்விட்டார்.