கண்ணுக்குள் குடியிருந்த பூச்சிகள்

கண்ணில் பூச்சி எடுப்பவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரே கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டது. நேற்றுவரை நன்றாகப் பார்த்தவர்களுக்குக்கூட இன்று உறுத்தியது. வரிசை தெருமுனையைத் தாண்டியது.

தையற்காரிக்கு மட்டும் உண்மையான வலி. பத்து நாளாக வலது கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பட்டாலே கூசியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பூச்சிக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை குழலை வைத்து உறிஞ்சி, வெள்ளைப் பூச்சிகளைத் தட்டில் துப்பியிருந்தார். பூச்சி போய்க்கொண்டே இருந்தது, கூடவே பார்வையும்.

"இந்தத் தடவை நானும் வரேன்," என்றார் வெல்டரான அவளுடைய தாய்மாமா. "எனக்கும் இடது கண்ணு உறுத்துது."

"மாமா, உங்க இடது கண்ணு..."

"பேசாம வா."

பூச்சிக்காரர் மாமாவின் இமையை விரித்து, கன்னம் குழிய உறிஞ்சினார். த்தூ! ஐந்து பூச்சிகள். கூட்டம் வாய்பிளந்தது.

"ரொம்ப வருஷமா உள்ள குடும்பம் நடத்தியிருக்கு."

"அப்படியா? வீட்டையும் பாத்துடுங்க," என்ற மாமா, கண்ணைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். பட்டறைத் தீப்பொறியில் போன கண். ஆறு வருடமாக அங்கிருப்பது கண்ணாடி.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு, பள்ளியில் அறிவியல் நடத்தும் வாத்தியார் பரவசமாகக் கத்தினார்: "கண்ணாடியிலேருந்தே பூச்சி எடுத்துட்டாரே! என்ன சக்தி!"

வரிசை இன்னும் நெருக்கியடித்தது. பூச்சிக்காரர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தயாரானார்.

தையற்காரிக்கு வந்ததே கோபம்! தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "ஐயா, வாயைக் கொப்பளிச்சுட்டு என் கண்ணுல எடுங்க, பாப்போம்."

அவர் வாயைத் திறக்காமல், மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். மாமா அன்பாக அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கன்னத்தில் அடக்கியிருந்த பூச்சிகள் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தன. அதன்பின் அவர் ஓடிய ஓட்டத்தில் குழலைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றே கண் மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் ஒரு சாயத்தைக் கண்ணில் சொட்டி, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் கிளை கிளையாக ஒரு புண் பச்சையாக மின்னியது.

"வைரஸ் தொற்றும்மா. உதட்டுல கொப்புளம் வருமே, அதே வைரஸ். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா தழும்பு பார்வையையே மறைச்சிருக்கும்."

"அதை எடுத்துடலாமா டாக்டர்?"

"உறிஞ்சி எடுக்கிற சைஸ் இல்லம்மா அது! களிம்பு தரேன், தினம் அஞ்சு வேளை. கடையில கேட்டு வேற சொட்டு மருந்து எதையும் போட்டுடாதீங்க. புண்ணு பரவிடும்."

மூன்று வாரத்தில் அவள் மறுபடி தைக்க உட்கார்ந்தாள். ஓரத்தில் சின்ன மங்கல் மட்டும் தங்கிவிட்டது. வாத்தியார் இப்போது பக்கத்து ஊரில், காதில் பூச்சி எடுப்பவரின் வரிசையில் நிற்கிறாராம்.

கருவிழிப் புண்ணுக்குக் களிம்பு இருக்கிறது. யோசிக்க மறுக்கும் மண்டைக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. அதை அவரவரேதான் தட்டி எழுப்பிக்கொள்ள வேண்டும்.