சீட்டுப் பிடிக்காதிருக்கும் பயிற்சி

விருத்தாசலத்து மக்கள் சென்னை மெட்ரோ ரயிலில் கண்ணியமாக ஏறி, கண்ணியமாக இறங்கும் பொருட்டு, எங்க ஊருல பெருநகரப் பயண ஒழுங்குப் பிரிவுன்னு ஒரு ஆபீஸ் தொறந்திருக்காங்க. காரணம் இருக்குது. நம்மூரு ஆளு ஒருத்தரு மெட்ரோவுல இடம் பிடிக்க, தொறக்காத கண்ணாடி ஜன்னல்ல துண்ட வீச, அது திரும்பி அவரு மூஞ்சியிலயே விழுந்துச்சு. எவனோ வீடியோ எடுத்துட்டான். பஸ்ஸுன்னா ஜன்னல் வழியா துண்டோ பையோ போட்டு சீட்டுப் பிடிக்கிறது நமக்குப் பழக்கம். ஆனா ஊரு மானம் போயிடுச்சாம்.

அதனால, சென்னையில நடக்குற பீங்கான் கண்காட்சிக்குப் போற எங்க ஊரு பீங்கான்காரங்க எல்லாரும் மெட்ரோ பயணச் சான்றிதழ் வாங்கியாகணும்னு உத்தரவு. நான் நாலு மாசம் உசுரக் குடுத்து ஒரே ஒரு ஊறுகாய் ஜாடி பண்ணி வச்சிருந்தேன். அது அங்க தேறிட்டா, அடுத்தவங்க சூளையில வேலை பாக்குற இந்த அன்புக்கரசி சொந்தமா சூளை போட்டுடலாம். விடுவேனா? பயிற்சிக்குப் போனேன்.

பயிற்சி அதிகாரி திருமால் சாரு. நாப்பத்தேழு பக்க வழிகாட்டி எழுதினதும் அவருதான்.

"சார், நீங்க மெட்ரோவுல போயிருக்கீங்களா?"

"போயிட்டா நடுநிலையா எழுத முடியாதும்மா."

பியூன் ஜெயராஜ் அண்ணன் குறுக்க ஒரு குடைய நீட்டுனாரு. அதுதான் தானியங்கிக் கதவு. பயண அட்டையால அவரு சட்டைப் பையத் தொட்டா "டிங்"னு சொல்லிட்டுக் குடைய எடுப்பாரு. பாதி நேரம் கதவு டீ குடிக்கப் போயிடும்.

அடுத்தது நகரும் படிக்கட்டு. ஆபீஸ் மாடிப்படியில எங்கள வரிசையா நிக்க வச்சாரு திருமால் சாரு.

"நீங்க நகரக் கூடாது. படிதான் நகரணும்."

"இந்தப் படி நகரலியே சார்?"

"அது படியோட பொறுப்பு. உங்க பொறுப்ப நீங்க பாருங்க."

முக்கா மணி நேரம் நின்னோம். காலு மரத்துப் போச்சு.

கடைசிப் பாடம்: 'எப்பொருளையும் எறிந்து இருக்கையைக் கைப்பற்றலாகாது.' அம்பது தடவ எழுத வச்சு, சீல் குத்தி சான்றிதழ் குடுத்தாங்க.

கண்காட்சி அன்னிக்கு மேற்பார்வைக்குன்னு திருமால் சாரும் கூட வந்தாரு. எழும்பூர்ல மெட்ரோ வந்து நின்னு, கதவு தொறந்துச்சு. ரெண்டே சீட்டு காலி. எங்களுக்கு முன்னால நாலு பேரு. திருமால் சாரு கை தானா ஒசந்துச்சு. நாப்பத்தேழு பக்க வழிகாட்டி அவங்க தலைக்கு மேல பறந்து போயி ஒரு சீட்டுல விழுந்துச்சு. அதப் பாத்ததும் என் கை என்னையக் கேக்கவே இல்ல. பைய வீசிட்டேன்.

உள்ள ஜாடி உடைஞ்ச சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அய்யோ, பாழாப்போன கையே!

முன்னால ஏறின கோட்டுக்காரரு, சீட்டுல கெடந்த என் பையப் பாத்து மரியாதையா ஒதுங்கி நின்னாரு.

"ஆளு வருதாங்க?"

"நான்தாங்க," அழுகைய அடக்கிக்கிட்டு சொன்னேன்.

"உக்காருங்க. எனக்குப் பெண்ணாடம்." எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு.

திருமால் சாரு வழிகாட்டியப் பிரிச்சுப் பேனாவ எடுத்தாரு. "கவலப்படாதம்மா. 'உடையும் பொருளை' எறியக் கூடாதுன்னு திருத்திடுறேன்."

கண்காட்சி வாசல்ல சான்றிதழ் கேட்டாங்க. பையில அது ஒண்ணுதான் முழுசா இருந்துச்சு. காட்டினேன். சீலப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குதுன்னு உள்ள விட்டாங்க.