உறுமலின் மூலத்தைத் தேடிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், இருட்டிய பிறகு, ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அந்தக் காட்டில் ரம்பம் வைத்திருப்பவர் யாருமில்லை. ஸ்டெல்லா என்னும் முயல், இப்போதுதான் கண் திறந்திருந்த தன் குட்டிகளை மூலைக்குத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட ஓடினாள்.

கதவிடுக்கில் ஒரு மூக்கு நுழைந்தது. பக்கத்து வளைப் பேராசிரியர், ஏகாம்பரம் முள்ளம்பன்றி.

"சத்தம் கேட்டதாம்மா?"

"கேட்டுச்சு சார். சிறுத்தை. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. கதவைச் சாத்தணும்."

அவர் இரண்டும் செய்யவில்லை. பாதி உடம்பு உள்ளே, முள்ளெல்லாம் வெளியே என்று நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். சிந்தனை வரலாறு அவருடைய துறை. ஒரு கருத்து உண்மையா பொய்யா என்று அவர் கேட்டதே இல்லை, அது பாமரக் கேள்வி. முதலில் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்றுதான் கேட்பார். 'பயம்: ஒரு கருத்தின் பிறப்பும் வளர்ச்சியும்' என்ற நூலை முள் முளைத்த காலத்திலிருந்து எழுதுகிறார். பிறப்பே இன்னும் முடியவில்லை.

"இந்தச் சத்தம் சிறுத்தைன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"என் மாமியார்."

"அவங்களுக்கு?"

"அவங்க மாமியார். அவங்களைச் சிறுத்தை தின்னுடுச்சு சார்."

"அடடா, மூலச் சான்று அழிஞ்சுபோச்சே!" என்று நிஜமாகவே வருந்தினார்.

சத்தம் பக்கத்துப் புதருக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று ஸ்டெல்லாவுக்குக் கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிறுத்தை வந்தால் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு குட்டி முனகியது. அவ்வளவுதான், அவளுக்குப் பொய் தானாக வந்தது.

"சார், நீங்க எழுதறதையெல்லாம் மரநாய் ஞானசிகாமணி ஏற்கெனவே சொல்லிட்டாராமே?"

ஏகாம்பரத்தின் முள் ஒவ்வொன்றும் நிமிர்ந்தது. "யாரு, அவனா? முதல்ல சொன்னது நான்!"

"புதருக்குப் பின்னாடி நின்னு, தான்தான்னு சொல்லிக்கிட்டிருக்கார் சார்."

"திருட்டுப் பயல்!" பேராசிரியர் பின்பக்கமாகவே வெளியே பாய்ந்தார்.

ரம்பச் சத்தம் சட்டென்று நின்றது. ஸ்டெல்லா கதவிடுக்கில் காதை வைத்தாள். ஐயோ, பாவம் செய்துவிட்டோமோ? வெளியே பேராசிரியரின் குரல் கேட்டது.

"ஓ, உறுமினது நீங்களா? நல்லதாப் போச்சு. இப்படி உறுமணும்னு உங்களுக்கு முதல்ல சொன்னது யாரு?"

ஒரு கனத்த குரல், தயங்கித் தயங்கி: "எங்கம்மா."

"அவங்களுக்கு?"

"அது... தெரியலையே சார்."

"உட்காருங்க. நிதானமாப் பார்ப்போம்."

ஸ்டெல்லா சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

நீதி: குடும்பம் பத்திரமாக இருக்க அறிஞர் ஒருவர் அவசியம் வேண்டும், கதவுக்கு அந்தப் பக்கம்.