குமுதாங்கி கோயிலுக்குப் போன கதை

ஜமீன்தாருக்கு வயது அறுபது என்று அச்சாகியிருந்த இடத்தில் ஆவுடையப்பனின் நாக்கு நின்றது.

"என்ன வயசுப்பா?" என்றாள் மகள் அழகம்மாள்.

"முப்பது."

பன்னிரண்டு வயதில், கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பில் ஒளிந்து உட்கார்ந்து அவர் நாலு தடவை படித்த நாவல் அது. கிழட்டு ஜமீன்தாருக்குத் தன்னைக் கட்டிக்கொடுக்கப் பார்த்த தகப்பனை ஏமாற்றிவிட்டு, குமுதாங்கி மாமன் மகனோடு ஓடுமிடத்தில் ஒவ்வொரு தடவையும் கைதட்டியிருக்கிறார். இப்போது அவர் புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. யுத்த காலத்தில் இதைவிட நல்ல இடம் அமையாது என்று, பெண்டாட்டியை இழந்த நாற்பத்தைந்து வயது விராலிமலை மிராசுதாருக்கு அழகம்மாளை நிச்சயம் செய்திருந்தார். அவளுக்குப் பதினாறு. அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. மனசு தேறட்டுமென்று சாயங்காலங்களில் அந்த நாவலைப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். கதை அவருக்கு மறக்கவில்லை; அதில் ஒரு தகப்பன் இருந்ததுதான் மறந்துபோயிருந்தது.

"படத்துல தாடி வெள்ளையா இருக்கே?"

"அச்சாபீசுல கறுப்பு மை தீந்துபோயிருக்கும்."

மறுநாள், "குமுதாங்கி சுவரேறிக் குதித்து..." என்று வாய்தவறிப் படித்துவிட்டார். "கோயிலுக்குப் போனாள்," என்று முடித்தார்.

"கோயிலுக்கு எதுக்கு சொவரேறிப் போறா?"

"வாசல்ல மாடு மறிச்சுக்கிட்டு நின்னுச்சு."

மாட்டை ஓட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாமன் மகனை வரவழைத்தார். வந்தவனை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல், அந்த மாட்டையே முட்டவிட்டுச் சாகடித்தார்.

"குமுதாங்கி அழலையாப்பா?"

"ரெண்டு நாள் அழுதா. அப்பறம் சரியாப்போச்சு."

ஏழாம் நாள் குமுதாங்கி ஜமீன்தாரைக் கட்டிக்கொண்டு, "என் நன்மை எனக்கே தெரியவில்லை, தந்தையே!" என்று தகப்பன் காலில் விழுந்தாள். வசனம் ஆவுடையப்பனுடையது. சொல்லிவிட்டு, அதை அவரே இன்னொரு தடவை சொன்னார்.

அழகம்மாள் எழுந்தாள். "நல்லா இருந்துச்சுப்பா. கூறப்பொடவைய நீங்களே பாத்து எடுத்துருங்க," என்று உள்ளே போனாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தொழுவம் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி செவந்தியைக் கூப்பிட்டு, "பாத்தியா, ஒரு புஸ்தகம் என்ன வேல செய்யுதுன்னு!" என்றார்.

செவந்தி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அத பாப்பா போன மாசமே எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டிருச்சுங்கய்யா, ஒரு நாளாச்சும் நீங்க உள்ளபடி படிச்சா, கல்யாணம் வேணாம்னு ஒங்ககிட்ட சொல்லிப் பாக்கலாம்னுதான் அம்புட்டு நாளும் ஒக்காந்து கேட்டுச்சு."