ரிசீவரை ஏற்காத வீடு

"அமைதி காக்கவும். அறையில் சத்தம் அதிகம்" என்று தொலைக்காட்சித் திரையில் எழுத்துகள் மறுபடியும் மின்னின.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்கவே இல்லை.

"யாரப் பாத்து அமைதியா இருக்கச் சொல்லுது?" என்று கிசுகிசுத்தாள் அவள். நூலகத்தில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க அதே வார்த்தையை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவள்.

"உன்னைச் சொல்லல. பொதுவாச் சொல்லுது."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அந்தக் குடியிருப்பில் 'கண்ணாடிக்காரர்' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ஹோம் தியேட்டர் ரிசீவரைப் புதிதாக வாங்கி, அன்று மதியம்தான் பிரித்திருந்தார். சோபாவில் ஒரு சின்ன மைக்கை வைத்துவிட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு ஒலியை எழுப்பி, சுவர் எங்கே, ஆள் எங்கே என்று அதுவே கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம். அதுவரை வீட்டில் ஈ கூடப் பறக்கக் கூடாது.

கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருந்தது அவருடைய அண்ணன் வீட்டில், ஒரே ஒரு அறையில். கூடத்துத் தொலைக்காட்சி எப்போதும் பிள்ளைகள் வசம். கைபேசியில், ஆளுக்கொரு காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, கதவு தட்டப்படும்வரை பார்த்ததுதான் அவர்கள் பார்த்த படங்கள். இரண்டு பேர் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஒரு வீடு இப்போதுதான் கிடைத்திருந்தது. அது கைநழுவிப் போனால் திரும்ப வழியில்லை. காலி செய்த அறையில் அண்ணி தையல் மிஷினைப் போட்டுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் மின்விசிறியை நிறுத்தினார். ஃபிரிட்ஜை அணைத்தார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதே கேட்கும் அளவுக்கு வீடு அடங்கியது.

முன்பக்க ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. பிறகு பின் வலது. பின் இடது மட்டும், யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல் மங்கலாக ஒலித்து நின்றது.

"பின் இடது ஸ்பீக்கர் முன் நிற்பவர் விலகவும்."

அங்கே யாரும் நிற்கவில்லை.

"ஏங்க, யாரச் சொல்லுது?"

"திரைச்சீலையா இருக்கும்."

"திரைச்சீலைய 'நிற்பவர்'னு இவ்வளவு மரியாதையாவா கூப்பிடும்?"

அவர் திரைச்சீலையைக் கழற்றினார். திரையில் அதே வாசகம். அலுப்பில், கடையில் கூட்டத்தை விலக்கும் பழக்கத்தில், வெற்று மூலையைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார்.

"நன்றி. அளவீடு தொடர்கிறது" என்றது திரை.

கழற்றிய திரைச்சீலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் மனைவி.

மறுநாள், ரிசீவர் வாங்கிய கடையின் விற்பனையாளர் இதைக் கேட்டு அதிரவே இல்லை. "அது சின்ன மாடல் சார். மூளை கம்மி. இல்லாததெல்லாம் இருக்குன்னு சொல்லும். பெரிய மாடல் எடுங்க, இருக்கறத மட்டும் சொல்லும்."

டெலிவரிக்காரர் வாசலிலேயே பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு பெரிய மாடலைத் தந்துவிட்டுப் போனார்.

பெரிய மாடல் இருக்கைவாரியாக அளந்தது. வீட்டோடு வந்த சோபாவில் மூன்று இருக்கைகள். மைக்கை முதலில் தன் இடத்தில் வைத்தார். "முதல் இருக்கை அளவிடப்பட்டது." மனைவியின் இடத்தில் வைத்தார். "இரண்டாவது இருக்கை அளவிடப்பட்டது." போதுமென்று மைக்கை எடுத்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, திரை தானாக மின்னியது.

"மூன்றாவது இருக்கை அளவிடப்பட்டது."

மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்து, அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார். அடுத்தது ஒலியின் வகையைத் தேர்ந்தெடுப்பது. நாள் முழுக்க ஆட்களின் மூக்கில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுப் பழகிய வாய். திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இது நல்லாருக்கா... இல்ல, இது நல்லாருக்கா?"

"ம்ஹூம்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

"சரி. இப்போ?"

"ம்ஹூம்."

"அவசரமே இல்ல, நிதானமாச் சொல்லு. முதல்ல வெச்சதா, இப்ப இருக்கறதா?"

"ம்ஹூம்!"

வாசல் கதவு திறந்தது. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளோடு மனைவி உள்ளே வந்தாள்.

"யார்கூட பேசிட்டிருக்கீங்க?"

"உன்கூடத்தான்" என்றவர், சொன்ன பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

துணிகள் தரையில் விழுந்தன. அவர் பாட்டை நிறுத்தினார். அந்த நிசப்தத்தில், பின் இடது ஸ்பீக்கரில் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள்.

"நாம இங்க இருக்கறது பிடிக்கலைங்க" என்றாள் அவள்.

"யாருக்கு?"

"யாரு ம்ஹூம்னு சொன்னாங்களோ அவங்களுக்கு."

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு. கண்ணாடி சரியில்லன்னா ஒரே ஆள் ரெண்டாத் தெரிவாரு. அதுமாதிரி."

"இங்க ஆளே இல்லாம ஒருத்தர் தெரியறாருங்க!"

விற்பனையாளர் இந்த முறை கடையில் இருந்ததிலேயே மிகப் பெரிய மாடலை இறக்கினார். "கூரையிலயும் ரெண்டு ஸ்பீக்கர் வரும் சார். சத்தம் எங்கேந்து வருதுன்னு துல்லியமாத் தெரியும்." அதுதான் தங்கள் கவலையே என்று கண்ணாடிக்காரர் சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று எண்ணிக்கொண்டார்.

ஞாயிறு மாலை வெளிச்சம் போவதற்குள் படத்தைப் போட்டார்கள். மழைக் காட்சி. கூரையில் தூறல் விழுந்தது, இடப்பக்கம் ஓடை ஓடியது. மனைவி எல்லாவற்றையும் மறந்து அவர் தோளில் சாய்ந்தாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இவ்வளவும் என்று அவர் கண்ணை மூடினார்.

சோபா லேசாக அசைந்தது.

மூன்றாவது இருக்கையின் மெத்தை மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே அமுங்கியது. சத்தம் தானாகக் குறைந்தது. கூடியது. மறுபடி குறைந்தது. மழை நடுவே அறுந்து நின்றது. பிறகு நான்கு சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும், வெறுப்பு நிறைந்த ஒரு நீண்ட பெருமூச்சு அவர்கள்மேல் இறங்கியது.

இருவரும் படியில் இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் செருப்பு போடவில்லை என்பது தெரிந்தது.

அங்கிருந்தே மனைவி ஓரகத்தியை அழைத்தாள். "அக்கா, நாங்க அங்கயே திரும்பி வந்துடட்டுமா?"

"வாங்களேன், யாரு வேண்டாம்னா? மிஷின சுவரோரமா நகர்த்திக்கறேன். ஒருத்தர் படுத்துக்கற அளவுக்கு இடம் வரும். ரெண்டு பேரும் முறை வெச்சுக்கோங்க."

அவள் ஃபோனை வைத்துவிட்டு அழுதாள். கண்ணாடிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விரட்டுகிறவர் யாரென்றே தெரியாதபோது யாரிடம் போய்க் கெஞ்சுவது?

மறுநாள் காலை, எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டு, சோபா பக்கம் திரும்பாமலே மூட்டை கட்டினார்கள். ரிசீவரை எடுத்துப் போகச் சொல்லிக் கடைக்கும் தகவல் சொல்லியாகிவிட்டது. மணி அடித்தது. வாசலில் டெலிவரிக்காரர். தோளில் இன்னொரு பெட்டி. அளவில் சிறியது, ஆனால் கனம் அவரை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தது.

"இதென்ன? நாங்க ஒண்ணும் கேக்கலையே" என்றார் கண்ணாடிக்காரர். "இருக்கறத எடுத்துட்டுப் போகத்தான் சொன்னோம். நாங்க வீட்டையே காலி பண்றோம்ப்பா."

டெலிவரிக்காரர் பெட்டியை இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்தபடி அவர் தோளுக்கு மேலாகக் கூடத்தை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"உங்க வீட்டுப் பெரியவர்தான் சார் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு, 'பசங்க மூணு தடவையும் மட்டமானதாவே வாங்கிட்டு வந்துட்டாங்க, நானும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன், தங்கமான பசங்க, பயந்துபோய்க் கிளம்பிடப் போறாங்க, சீக்கிரம் இத எடுத்துட்டுப் போ'ன்னு பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்தாரு, அதுக்குள்ள எனக்கு முன்னாடி வந்து சோபாவுல உக்காந்துட்டாரு பாருங்க!"