ஒரு முழங்கையின் வழக்கு

வாருங்கள் பெருமக்களே, சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். அயோவா மாநிலத்து மக்காச்சோள வயல்களின் நடுவே, பட்டப்பகலில், பாதிரியாரும் பள்ளி வாரியமும் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு முழங்கைக்கு அநீதி இழைக்கப்பட்டது. திங்கட்கிழமை தொடங்கிய கொடுமை வியாழக்கிழமை வரை தொடர்ந்தது. டன்மோர் ஊரே பார்த்தது. பார்த்த ஊர் பதறியதா? தடுத்ததா? இல்லை. கைதட்டியது.

நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பிற்பகல் டன்மோர் உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் மைதானத்தில் பந்து வீசும் இயந்திரத்துக்குப் புத்தி பேதலித்தது. மட்டையை நோக்கி வீச வேண்டிய பந்தை அது வேலிக்கு அப்பால் வீசியது. வேலிக்கு அப்பால் நின்றது மெர்ல் வாஸின் வண்டி. முன்கண்ணாடி நொறுங்கியது. மெர்ல் வாஸ் யாரென்றால், விதைச் சோளப் பண்ணையின் சொந்தக்காரர், பள்ளி வாரியத்தின் தலைவர். ஐந்து நிமிடத்தில் இயந்திரம் கொட்டகையில் பூட்டப்பட்டது. சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை மாலை மாவட்ட இறுதிப் போட்டி. பதினான்கு பையன்கள் மட்டையும் கையுமாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பந்து வீச ஆளில்லை. அப்போது கோல்பி ராஸ்மஸன் முன்னே வந்தான். அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளன், பதினேழு வயது, கழி போன்ற உடம்பு, கவண் போன்ற வலக்கை.

"நான் மெதுவா வீசுறேன் கோச்."

"பந்தைக் கீழ வை" என்றார் லாயிட் ப்ரெம்மர்.

லாயிட் அந்த அணியின் பயிற்சியாளர். அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. முந்திய கோடையில், அவர் பொறுப்பேற்கும் முன், இதே மைதானத்தில் ஒரு பையனை ஒரே மாலையில் நூற்று அறுபது பந்துகள் வீச வைத்தார்கள். ஊர் வென்றது. மறுவாரம் அந்தப் பையனின் முழங்கை அறுவை மேசையில் கிடந்தது. லாயிட் பள்ளி வாரியத்தின் முன் எழுந்து நின்று முழங்கினார். சோளத்துக்கு உரக் கணக்கு உண்டு, பன்றிக்குத் தீவனக் கணக்கு உண்டு, பிள்ளையின் கைக்கு மட்டும் கணக்கு கிடையாதா என்று கேட்டார். மாநில விதியைவிடக் கடுமையான விதி ஒன்றைத் தம் கையாலேயே எழுதி நீட்டினார். ஒரு நாளில் நூறு பந்துக்கு மேல் எவனும் வீசலாகாது. வீசிய ஒவ்வோர் இருபத்தைந்து பந்துக்கும் ஒரு நாள் முழு ஓய்வு. தாம் இருக்கும் காலத்தில் ஒரு பையனின் கை கெட்டாலும் அன்றே வேலையை விட்டுப் போவதாகக் கையெழுத்தும் இட்டார்.

மெர்ல் வாஸ் அந்தத் தாளை மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாங்க படிச்ச காலத்துல இருநூறு வீசுவோம். கை வலிச்சா வீட்டுக்குப் போய்ப் பசு மாட்டுல பால் கறப்போம். வலி போயிடும்" என்றார் அவர். கூடவே ஒரு நிபந்தனையும் சேர்த்தார். இறுதிப் போட்டியன்று காலையில் மருத்துவர் பந்துவீச்சாளனின் கையைச் சோதிக்க வேண்டும். மருத்துவரின் வாயில் லாயிட்டின் வேலை.

கோல்பி சனிக்கிழமைதான் நூறு பந்துகள் வீசியிருந்தான். நான்கு நாள் ஓய்வு அவனுக்குச் சட்டம். ஆகவே பந்து வீசுகிறவன் நிற்கும் மேட்டில் லாயிட்டே ஏறினார். ஐம்பத்தொரு வயதில் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பதினான்கு பையன்களுக்கும் தாமே வீசினார். முந்நூறு பந்துகளுக்கு மேல் இருக்கும். வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் ஆர்லீன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் பேருந்தை முப்பத்தேழு ஆண்டுகளாக ஓட்டுகிறவள். லாயிட்டே அவள் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போனவர்தான். பிள்ளைகள் ஏறும்போது தலை எண்ண அவளிடம் ஓர் எண்ணும் கருவி உண்டு. ஒரு முறை அழுத்தினால் 'கிளிக்' என்று ஓர் எண் கூடும். போட்டிகளில் பந்துக் கணக்கு வைப்பதும் அவள்தான். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவள் கட்டைவிரல் சும்மா இராது. அன்றும் கிளிக், கிளிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் லாயிட்டுக்கு இரண்டாவது இடி. கோல்பி மெர்ல் வாஸின் வயலில் சோளப்பூ ஒடிக்கப் போகிறான் என்று தெரியவந்தது. ஜூலை மாதத்தில் டன்மோரில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் போகிற வேலைதான். ஆனால் விதைச் சோளம் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும். அதன் உச்சிப் பூவை எட்டிப் பிடித்து, இழுத்து, ஒடித்து எறிய வேண்டும். ஒரு காலைப் பொழுதில் ஒரு கை ஆயிரம் முறை மேலே போகும். பேஸ்பாலை எண்ணச் சட்டம் எழுதிய மனிதர் சோளத்தை மறந்துவிட்டார்.

வயலோரத்தில் தம் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றிவந்த ஆர்லீனின் பேருந்தை லாயிட் மறித்தார். கோல்பியை இறங்கச் சொன்னார். வரப்பில் நின்றிருந்த மெர்ல் நிதானமாகப் பல் குத்தினார். வரிசையின் நடுவில் பூவை ஒடிக்காமல் விட்டுப்போனால் மகரந்தம் கலந்து விதை முழுவதும் பாழாகும், ஆள் எடுத்தால் ஆள் கொடுக்க வேண்டும் என்றார்.

"ஆள் நான்தான்" என்றார் லாயிட்.

"தாராளமா இறங்குப்பா. உன் உயரத்துக்குக் கொஞ்சம் குதிச்சுக் குதிச்சு ஒடிக்கணும்."

குதித்துக் குதித்து ஒடித்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை ஐந்தரை முதல் பதினொன்று வரை சோளம், மாலையில் மைதானம். புதன்கிழமை மாலை அவர் வீசிய பந்துகள் அத்தனை பணிவாக வந்தன. மட்டையோடு நின்ற பையன்கள் பந்து வந்து சேருமுன் ஒரு கொட்டாவி விட்டு முடித்தார்கள். களைப்பு என்று லாயிட் நினைத்தார். கவலை என்று ஊர் நினைத்தது.

கவலைக்குக் காரணமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை மருந்துக் கடையில் கோல்பி வலி தைலம் வாங்குவதை அவர் கண்ணால் கண்டார். சின்னக் குப்பியும் அல்ல, குதிரைக்குத் தேய்க்கும் அளவுப் பெரிய குப்பி.

"கை எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு கோச்" என்ற கோல்பி, குப்பியை முதுகுக்குப் பின் மறைத்தான். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளையே பார்த்தான். பொய் சொல்கிற பிள்ளை கண்ணைப் பார்க்காது என்று லாயிட் தெரிந்துகொண்டார்.

மேலும் ஒரு விபரீதம். வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட கோல்பிக்குப் பகல் முழுவதும் ஓய்வு. பதினேழு வயதில் ஓய்வு கொடுத்தால் பிள்ளை எங்கே போவான்? வட்டாரத் திருவிழாவான கவுண்டிச் சந்தைக்குப் போவான். போனான். புதன்கிழமை பிற்பகல் செய்தி வந்தபோது லாயிட் தம் சமையலறையில் சோளத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு ஓடினார்.

சந்தையில் ஆளை முக்கும் தொட்டி ஒன்று உண்டு. தண்ணீருக்கு மேல் ஒரு பலகை, பலகையில் ஓர் ஊர்ப் பெரியவர், பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு. தட்டில் பந்து பட்டால் பலகை மடங்கிப் பெரியவர் தண்ணீருக்குள் விழுவார். நூலகத்துக்கு நிதி திரட்டும் அந்தப் பலகையில் அன்று வீற்றிருந்தவர் மெர்ல் வாஸ். அரைக்கால் சட்டை, கழுத்தில் டை, முகத்தில் புன்னகை. அணியின் பையன்கள் எல்லோரும் சேர்ந்து அறுபது பந்துகளுக்குச் சீட்டு வாங்கியிருந்தார்கள். முதல் பந்து கோல்பியின் கையில் இருந்தது.

"வீசுடா தம்பி, உங்க கோச்சு எழுதின சட்டம் சந்தைக்குள்ள செல்லாது" என்று மெர்ல் ஆசை காட்டினார்.

லாயிட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பந்தைப் பிடுங்கினார். கூடையையும் பிடுங்கினார். கூட்டம் விடவில்லை. சீட்டுக் கிழித்தாகிவிட்டது, மெர்ல் நனைய வேண்டும், எவனாவது வீசித்தான் ஆகவேண்டும் என்றது. நியாயமான கோரிக்கை. மெர்ல் வாஸை நனைக்க எங்கள் ஊர் இருபது ஆண்டுகளாகக் காத்திருந்தது.

லாயிட் அறுபதையும் வீசினார். ஒன்று ஆட்டுப் பட்டிக்குள் போனது. ஒன்று எலுமிச்சை ரசக் கடையின் குடத்தைக் கவிழ்த்தது. ஒன்று காலடியிலேயே விழுந்து வெட்கத்தோடு உருண்டது. தட்டில் ஒன்றும் படவில்லை. மெர்ல் காய்ந்த சட்டையோடு இறங்கிவந்து அவரிடம் கைகுலுக்கக் கை நீட்டினார். லாயிட் இடக்கையை நீட்டினார். கோபம் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில், பஞ்சுமிட்டாய்க் கடையோரத்திலிருந்து அந்த ஓசை நிற்கவே இல்லை. கிளிக். கிளிக். கிளிக்.

வியாழக்கிழமை லாயிட் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். தலை வாரவில்லை. ஒற்றைக் கையால் வண்டி ஓட்டினார். பயிற்சி முடிந்து பந்துகளைப் பொறுக்கும்போது கோல்பியின் பை திறந்து கிடந்ததைப் பார்த்தார். உள்ளே அந்தத் தைலம். பனிக்கட்டிப் பொட்டலம். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடும் நீலத் துணித் தூளி. சற்றுத் தள்ளிப் பேருந்தின் படிக்கட்டில் கோல்பியும் ஆர்லீனும் தலையோடு தலை சேர்த்து ஒரு குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஆர்லீன் ஏட்டை மூடினாள்.

லாயிட்டுக்கு நெஞ்சு உடைந்தது. இத்தனை காத்தும் பிள்ளையின் கை போய்விட்டது. எங்கே, எப்போது என்று தெரியவில்லை. தாம் மறிக்குமுன் சோளம் ஒடித்த நாட்களிலா? தாம் காணாத வேளையில் எங்காவது வீசினானா? வீட்டுக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்தார். ஒற்றை விரலால் செய்தார், இடக்கை விரலால். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு மடித்துப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கவுண்டி மருத்துவமனையின் சிறிய அறை. மேசையின் மேல் கோல்பி, சுவரோரம் மெர்ல் வாஸ், வாசற்படியில் பேருந்துச் சாவியோடு ஆர்லீன். மருத்துவர் ஸ்டீன் குறைவாகப் பேசும் பெண்மணி. கோல்பியின் வலக்கையை மடக்கினார், நீட்டினார், சுழற்றினார், அழுத்தினார். தலைக்கு மேல் உயர்த்தச் சொன்னார். முன்பக்கமாகவா பக்கவாட்டிலா என்று கோல்பிக்கு விளங்கவில்லை.

"இப்படிடா" என்று காட்ட லாயிட் தம் வலக்கையைத் தோள்வரை தூக்கினார். மருத்துவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லிடறது நல்லது. இந்த அறையில ஒரு முழங்கை மோசமா கெட்டுப் போயிருக்கு. தோளும்தான்."

மெர்ல் வாஸ் பணப்பையைத் திறந்து அந்தப் பழைய தாளை விரித்தார். குற்றம் தம்முடையது, பையன்மேல் யாரும் பழி சொல்லக்கூடாது, அவனை நல்ல மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் லாயிட் கேட்டுக்கொண்டார். ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவை எடுத்தார். பேனா விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மெர்ல் தம் பேனாவைக் கொடுத்து உதவினார். அதுவும் விழுந்தது.

வாசற்படியிலிருந்து ஆர்லீன் உள்ளே வந்தாள். குறிப்பேட்டைக் கடிதத்தின் மேல் விரித்து வைத்தாள்.

"லாயிட்டு, இந்த வாரம் கோல்பி வீசினது ஒண்ணுகூட இல்ல. நீ வீசினது ஆயிரத்து இருநூத்தி எழுபத்தஞ்சு, சோளத்தை நான் சேர்க்கல. நீ எழுதின சட்டப்படி இன்னிலேருந்து அம்பத்தொரு நாள் நீ பந்தைத் தொடக்கூடாது. கோல்பி பையில இருக்கிற தைலம், தூளி எல்லாம் பசங்க உனக்குன்னு சேர்ந்து வாங்கினது."

பெருமக்களே, சாட்சியம் முடிந்தது. இன்று மாலையே உங்கள் ஊர் மைதானத்துக்குப் போங்கள். அங்கே பிள்ளைகளின் கையைக் காப்பதற்காகத் தம் கையை வீசிக்கொண்டிருக்கும் மனிதரிடமிருந்து பந்தைப் பிடுங்குங்கள். வலியே இல்லை என்று அவர் மறுப்பார். அந்தக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி மறுக்கச் சொல்லுங்கள்.