தலைவருக்கு எழுபத்தைந்து

“சார், முன்னுரையில எழுபத்தஞ்சுன்னு இருக்கு. அட்டவணையில எண்பதுன்னு இருக்கு. எதை வச்சுக்கறது?” என்று கேட்டாள் கணினியில் பக்கம் கோக்கும் டைப் அம்மா.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கமா சாரின் கை அப்படியே நின்றது.

அரசு அச்சகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர் அவர். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது என்பதால் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. இப்போது அவர் மேஜையில் இருந்தது ‘நம் தலைவர்கள்: வயதும் வாழ்வும்’ என்ற புத்தகம். நாட்டை ஆண்ட ஒன்பது பேரின் பிறப்பு, இறப்பு, ஆயுள் எல்லாம் அதில் உண்டு. எட்டுப் பேருக்கு இரண்டு தேதிகளும் இருந்தன. ஒன்பதாமவர் இப்போது ஆள்கிறவர். அவர் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் வெறும் கோடு.

“அந்தக் கோட்டை எடுத்துடலாமா சார்? யாரோ வாசல்ல நின்னு காத்துட்டிருக்கற மாதிரி இருக்கு,” என்று டைப் அம்மா முந்தாநாளே கேட்டிருந்தாள். கோட்டை எடுத்துவிட்டார்கள். வயதை அப்படி எடுத்துவிட முடியுமா?

கமா சார் விரல்விட்டு எண்ணினார். வெள்ளிக்கிழமை தலைவரின் பிறந்தநாள். புத்தகம் வெளியாவதும் அன்றைக்குத்தான். எப்படி எண்ணினாலும் எண்பது.

“முன்னுரைதான் தப்பு. எண்பதுன்னு மாத்துங்க,” என்றார்.

மேலாளர் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“எண்பதா? யோவ், நீ பேப்பர் படிக்கறியா இல்ல பிழை மட்டும்தான் படிக்கறியா? எண்பது முடிஞ்சவங்க பதவியில இருக்கக்கூடாதுன்னு போன மாசம்தான் சட்டம் வந்தது!”

“அதைக் கொண்டு வந்ததே தலைவர்தானே சார்?”

“ஆமா. மந்திரிசபையில அவரை எதிர்த்து நிக்கற அந்த ரெண்டு பெருசுகளையும் வீட்டுக்கு அனுப்பறதுக்கு. ஒருத்தருக்கு எண்பத்து மூணு, இன்னொருத்தருக்கு எண்பத்தாறு. ஊரே சொல்லுது, என்னா ராஜதந்திரம்னு! நீ இப்ப தலைவரையும் சேர்த்து அனுப்பப் பார்க்கறியே!”

முன்னுரை எழுதியவர் கட்சிச் செயலாளர். தொலைபேசியில் அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

“ஐயாவுக்கு எழுபத்தஞ்சுதான். அட்டவணையில பொறந்த தேதியை அஞ்சு வருஷம் தள்ளிப் போடுங்க. வேற எதையும் தொட வேண்டாம். சின்ன விஷயம்.”

கமா சார் ஓர் எண்ணை மாற்றினார். சின்ன விஷயம்தான். ஆனால் மதியத்துக்குள் டைப் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

“சார், ஐயா பதினேழு வயசுல விடுதலைப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனார்ல. இப்ப கணக்குப்படி பன்னிரண்டு வயசு ஆகுது. அந்த வயசுப் பையனைப் புடிச்சுப் போட்டாங்களா?”

“ஜெயிலையும் அஞ்சு வருஷம் தள்ளிடுங்க.”

தள்ளினார்கள். அரைமணி நேரத்தில் செயலாளர் தொலைபேசியில் கத்தினார்.

“சுதந்திரம் வாங்கி மூணு வருஷம் கழிச்சு ஐயாவை யாருய்யா உள்ள போட்டது? அப்ப ஆட்சியில இருந்ததே நம்ம கட்சிதானே!”

யோசித்து யோசித்து, ‘சிறை சென்றார்’ என்பதைக் கமா சார் ‘சிறைக்குச் சென்று வந்தார்’ என்று மாற்றினார். பொய் இல்லை. பார்க்கப் போனவரும் போய் வருகிறவர்தானே.

செவ்வாய்க்கிழமை தலைவரின் தம்பியால் சிக்கல் வந்தது. தலைவரைவிட இரண்டு வயது இளையவர். அவைத் தலைவராக இருக்கிறவர். புத்தகத்தில் தலைவரின் குடும்பத்தைப் பற்றிய பகுதியில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவருக்கு எழுபத்தெட்டு. அண்ணனுக்கு எழுபத்தைந்து.

“அவரையும் குறைச்சிடலாமா?” என்று கேட்டார் மேலாளர்.

“அவருக்கு மனைவி, மூணு பிள்ளைங்க இருக்காங்க சார். மொத்தக் குடும்பத்தையும் தள்ளணும்.”

“சரி, அப்ப அவரை அண்ணனாக்கிடு. ஒரே வார்த்தைதானே?”

கணினியில் ‘தம்பி’ என்று வருகிற இடமெல்லாம் ‘அண்ணன்’ ஆனது. கூடவே தலைவரின் புகழ்பெற்ற முழக்கமும் மாறிப்போனது. ‘தம்பிகளே, களம் காண வாருங்கள்’ என்று இளைஞர்களை அழைத்தவர், ‘அண்ணன்களே, களம் காண வாருங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அதைச் சரிசெய்யவே பொழுது சாய்ந்துவிட்டது.

புதன்கிழமை நடந்ததுதான் பெரிய இடி.

“சார்,” என்றாள் டைப் அம்மா. “ஐயாவோட அம்மா.”

“அவங்களுக்கு என்ன?”

“ஐயாவுக்கு மூணு வயசு இருக்கும்போது தவறிட்டாங்கல்ல. இப்ப அவங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு ஐயா பொறக்கறார்.”

கமா சார் பேனாவை மூடி வைத்தார். மேலாளர் செயலாளரை அழைத்தார். செயலாளர், “அம்மாவுக்கு அஞ்சு வருஷம் கூட்டுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடவுளே செய்யாத காரியத்தைக் கமா சார் ஒரு பேனாவால் செய்தார். முப்பத்திரண்டு வயதில் போன அந்த அம்மாள் முப்பத்தேழு வரைக்கும் வாழ்ந்தாள். ஆனால் அதே பக்கத்தில் அவள் கல்லறையின் படம் இருந்தது. கல்லில் பழைய தேதி பளிச்சென்று வெட்டப்பட்டிருந்தது. படத்தை எடுத்தால் தாயை மறைத்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி கிளம்பும். கடைசியில் ஒரு மலர்வளையத்தை வரைந்து தேதிமேல் சாத்தினார்கள். அது பார்ப்பதற்கு உருக்கமாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் கடைசிப் படியின் அடியில் ‘பிழையில்லை’ என்று எழுதிக் கமா சார் கையெழுத்திட வேண்டும். முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லை அவர் அழகாக, நிறுத்தி எழுதுவார். அன்றைக்குக் கை ஓடவில்லை.

“போடுய்யா,” என்றார் மேலாளர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதோ பார். நல்ல மனுஷன். இன்னும் அஞ்சு வருஷம் இருந்துட்டுப் போகட்டுமே. உன் கையால ஒரு நல்லது நடக்குதுன்னு நெனச்சுக்கோ.”

அது கமா சாருக்குப் பிடித்திருந்தது. தலைவர்மேல் அவருக்கும் பிரியம் உண்டு. கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. எண்பத்து மூன்றும் எண்பத்தாறும் சட்டப்படி பதவி விலகிய கையோடு முன்வரிசையில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“சிலர் எண்பது, எண்பது என்று வதந்தி கிளப்பினார்கள். இதோ அரசாங்கமே அச்சிட்ட ஆவணம்! நம் தலைவருக்கு எழுபத்தைந்துதான்! இன்னும் ஐந்து ஆண்டுகள் அவரை அசைக்க எவராலும் முடியாது! நாடாளுமன்றம் காலையில் இதைப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டது!”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். தலைவர் ஒன்றும் புரியாதவர் போலச் சுற்றிலும் பார்த்தார். புத்தகத்தை வாங்கித் திறந்தார். தன் பக்கத்தை நெடுநேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“அம்மா படத்தைப் பார்த்துட்டார்,” என்று யாரோ சொல்ல, மண்டபமே மூக்கை உறிஞ்சியது. கடைசி வரிசையில் இருந்த கமா சாரும் அழுதார். ஒரு பொய்க் கையெழுத்துக்கு இவ்வளவு பெரிய பலனா என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

மேலாளர் ஒரு புத்தகக் கட்டை அவர் தலையில் ஏற்றி, “தலைவர் வண்டியில வச்சுட்டு வா,” என்று அனுப்பினார். வெளியே தலைவரின் டிரைவர் காரில் சாய்ந்து நின்றிருந்தார். நரைத்த மீசை, ரொம்ப வருடமாகத் தலைவரோடு இருக்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

“பின்னாடி இடம் இல்லையே சார்,” என்றார் அவர்.

“ஒரு கட்டுதான். தலைவர் வயசையே நாங்க கொறச்சிருக்கோம், நீங்க கொஞ்சம் இடம் கொடுக்கக் கூடாதா?” கமா சாருக்கு அன்றைக்கு நகைச்சுவைகூட வந்தது.

டிரைவர் சிரிக்கவில்லை. வண்டியின் பின்கதவைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பெரிய பெட்டிகள், சுருட்டிக் கட்டிய படுக்கை, ஒரு தூண்டில், வைக்கோல் தொப்பி, தக்காளி நாற்றுகள் இருந்த ஒரு தட்டு.

“தலைவர் வெளியூர் போறாரா?”

டிரைவர் தட்டிலிருந்த ஒரு நாற்றை நிமிர்த்தி வைத்தார்.

“ஏழு தடவை ராஜினாமா கொடுத்தும் யாரும் விடலைன்னு, தன்னை வீட்டுக்கு அனுப்பறதுக்குன்னே தனக்குத்தானே சட்டம் போட்டுக்கிட்டார் சார் மனுஷன், இன்னிக்கு எண்பது முடியுதேன்னு விடியறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் அவரே ஏத்தி வச்சார்.”